99 சதவீதம் என்ற வாக்குறுதி

1919 ஜனவரி 25 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் டிரீம்லேண்ட் ஸ்கேட்டிங் அரங்கில் இரண்டாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அவர்களை அழைத்தது ‘முகக்கவச எதிர்ப்புச் சங்கம்’. அதன் தலைவர் திருமதி ஹாரிங்டன் ஒரு வழக்கறிஞர். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவர். சங்கத்தில் மருத்துவர்களும் இருந்தார்கள். நகரத்தில் ஃபுளு காய்ச்சல் மறுபடி தலைதூக்கியிருந்த மாதம் அது. ஆனாலும் அரங்கில் இருந்தவர்களின் கோபம் காய்ச்சல்மீது அல்ல, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்ற நகரச் சட்டத்தின்மீது. சட்டத்தை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தால் போதுமா, நகரச் சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லர் பதவி விலக வேண்டும் என்றே கேட்டுவிடலாமா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது.

கோவிட் காலத்தைக் கடந்து வந்த எவருக்கும் அந்தக் கூட்டத்தின் வாதங்கள் புதிதாகத் தோன்றாது. என் முகத்தை மூடச் சொல்ல அரசுக்கு என்ன உரிமை? மூடினால் பயன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? இவர்களை அறிவில்லாத கும்பல் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படி ஒதுக்கினால் அந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி கைநழுவிப் போகும். அவர்களுடைய இரண்டாவது கேள்வி நியாயமானது. அன்றைய அறிவியலிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இருப்பதாக அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

காய்ச்சல் கிழக்குக் கடற்கரையில் பரவிக்கொண்டிருந்த 1918 செப்டம்பரில், அது தம் நகரத்தை எட்டாமலே போய்விடலாம் என்று ஹாஸ்லர் நம்பினார். அந்த மாதக் கடைசியிலேயே முதல் நோயாளி தென்பட்டார். அக்டோபர் 9-ம் தேதி 169 பேருக்குக் காய்ச்சல்; ஒரே வாரத்தில் அது 2,000-ஐத் தாண்டியது. 18-ம் தேதி பள்ளிகளும் கேளிக்கை அரங்குகளும் மூடப்பட்டன. அதற்கு அடுத்த வாரம் நகரவை முகக்கவசச் சட்டத்தை நிறைவேற்றியது. மீறினால் 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது 10 நாள் வரை சிறை.

அன்றைய முகக்கவசம் என்பது ‘காஸ்’ துணி, காயத்துக்குக் கட்டுப் போடும் அதே இடைவெளி விட்ட மெல்லிய துணி, சில மடிப்புகளாக மடித்து நாடா தைத்தது. செஞ்சிலுவைச் சங்கம் அதை 10 சென்ட்டுக்கு விற்றது. அக்டோபர் 26-க்குள் ஒரு லட்சம் முகக்கவசங்கள் மக்கள் கைக்குப் போய்விட்டன. செய்தித்தாள்களில் மேயர், சுகாதார வாரியம், செஞ்சிலுவைச் சங்கம் எல்லோரும் சேர்ந்து வெளியிட்ட விளம்பரம் ஒன்று வந்தது. முகக்கவசம் ஃபுளுவிலிருந்து 99 சதவீதம் பாதுகாப்பு தரும் என்றது அது. முதல் உலகப் போர் முடியாத நேரம். அணிய மறுப்பவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் போர்க் கடமையிலிருந்து நழுவுகிறவர்களுக்குச் சமமாக வைத்துக் கண்டித்தது.

அந்த 99 எந்த ஆய்விலிருந்து வந்தது? அப்படி ஓர் ஆய்வே கிடையாது.

முகக்கவசத்தின்மீது மருத்துவர்கள் கொண்ட நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. 1890-களில் ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் ஃபுளூகே, சாதாரணமாகப் பேசும்போதே வாயிலிருந்து கிருமிகள் கலந்த திவலைகள் தெறிப்பதைக் காட்டினார். அதைத் தொடர்ந்து 1897-ல் பிரெஸ்லவ் நகரின் அறுவை மருத்துவர் மிக்குலிச் வாயை காஸ் துணியால் மூடி அறுவை செய்யத் தொடங்கினார். நோயாளியின் புண்ணை மருத்துவரின் எச்சிலிலிருந்து காப்பது அதன் நோக்கம். அறுவை அறைக்கு வெளியே, கொள்ளைநோய்க்கு எதிரான ஆயுதமாக அதை மாற்றியவர் வூ லியென்-தே. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த சீன மருத்துவர். 1910-ம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்துக்குப் பெருங்கொள்ளைநோயை ஆராய அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 31. எலியின் உடம்புத் தெள்ளுப்பூச்சியால் பரவும் பிளேக் அல்ல இது, நுரையீரலைத் தாக்கி மூச்சு வழியாக மனிதரிலிருந்து மனிதருக்கு நேரே தாவுவது என்று அவர் சொன்னார். காஸ் துணிக்கு நடுவே பஞ்சு வைத்த முகக்கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார்.

அங்கேயும் தகராறு எழுந்தது. அது மருத்துவர்களுக்குள்ளேயே எழுந்தது. தியென்சினிலிருந்து வந்த பிரெஞ்சுப் பேராசிரியர் மெனி, அனுபவத்தில் வூவுக்கு மூத்தவர். இளைஞரான வூவின் கருத்தை அவர் ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமலே பிளேக் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார். 1911 ஜனவரியில் நடந்த அந்த மரணத்துக்குப் பிறகு ஹார்பினில் முகக்கவசத்தைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. அந்தக் கொள்ளைநோய் சுமார் 60,000 பேரைக் கொன்று அடங்கியது.

ஆக, 1918-ல் ஹாஸ்லரின் கையில் இருந்தவை இவ்வளவுதான்: அறுவை அறைப் பழக்கம், மஞ்சூரிய அனுபவம், கண்ணெதிரே குவியும் பிணங்கள். எதிரியை அவருக்குத் தெரியாது. ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் 1892-ல் கண்டறிந்த ஒரு பாக்டீரியாதான் ஃபுளுவுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். உண்மையான காரணமான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933-ல், லண்டனில். நோய் எப்படித் தாவுகிறது என்பதுகூடப் பிடிபடவில்லை. போஸ்டனில் 62 கடற்படைக் கைதிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஃபுளு நோயாளிகளின் சளியை அவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் செலுத்தினார்கள். நோயாளிகளை அவர்கள் முகத்துக்கு நேரே இருமவும் வைத்தார்கள். ஒருவருக்கும் ஃபுளு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்று யாராலும் விளக்க முடியவில்லை. இவ்வளவு இருளில் நின்றுகொண்டு 99 சதவீதம் என்று சொன்னதுதான் தவறு. முகக்கவசம் அணியச் சொன்னது தவறல்ல.

சட்டம் வந்த வேகத்தில் போலீஸும் தெருவில் இறங்கியது. அக்டோபர் 27-ம் தேதி ஒரே நாளில் 110 பேர் கைதானார்கள். பெரும்பாலோருக்கு 5 டாலர் அபராதம். மறுநாள் மார்க்கெட் தெருவும் பாவல் தெருவும் சேரும் இடத்துக்கு அருகே, முகக்கவசம் வேண்டாம் என்று கூடியிருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்த ஒரு கொல்லரைச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் மருந்துக்கடைக்கு அழைத்துப்போய் முகக்கவசம் வாங்க வைக்க முயன்றார். அது கைகலப்பாகி, ஆய்வாளர் துப்பாக்கியால் சுட்டார். கொல்லரோடு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இருவரும் காயம்பட்டார்கள். ஒரு துணித்துண்டுக்காக ஒரு மனிதனைச் சுடும் அளவுக்கு நிலைமை போனது, சட்டம் வந்த நான்கே நாளில்.

அடுத்த அடி வேறு விதமாக விழுந்தது. நவம்பரில் நடந்த குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் போலீஸ் புகைப்படக்காரர் பார்வையாளர்களைப் படம் எடுத்தார். படத்தில் முகக்கவசம் இல்லாமல் இருந்தவர்களில் நகரவை உறுப்பினர்கள் இருந்தார்கள், கடற்படை உயரதிகாரி இருந்தார், மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் இருந்தார், சட்டத்துக்கே காரணமான ஹாஸ்லரும் இருந்தார். ஹாஸ்லர் 5 டாலரும் மேயர் 50 டாலரும் அபராதம் கட்டினார்கள். கட்டியது நல்லதுதான். ஆனால் சாதாரணக் குடிமகன் அந்தப் படத்தில் பார்த்தது அபராத ரசீதை அல்ல. அச்சமூட்டும் விளம்பரத்தில் கையெழுத்துப் போட்டவர்களே அச்சமில்லாமல் உட்கார்ந்திருந்ததைத்தான்.

நவம்பரில் காய்ச்சல் தணிந்தது. முகக்கவசமே காரணம் என்றார் ஹாஸ்லர். பள்ளிகளும் அரங்குகளும் முகக்கவசச் சட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மூடப்பட்டிருந்தன. மக்கள் பயந்து வீட்டோடு இருந்தார்கள். எளிதில் தொற்றக்கூடியவர்களில் பலருக்கு ஏற்கெனவே தொற்றிவிட்டது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் வெற்றி முழுவதும் துணியின் கணக்கில் எழுதப்பட்டது. நவம்பர் 21 நண்பகல் நகரமெங்கும் சங்கு ஊதியது. மக்கள் முகக்கவசங்களைக் கழற்றி வீசினார்கள்; நடைபாதைகளில் காஸ் துணி குப்பையாகக் கிடந்தது.

டிசம்பரில் நோயாளிகள் மறுபடி கூடினார்கள். திரும்பவும் முகக்கவசம் வேண்டும் என்று ஹாஸ்லர் கேட்டார். கிறிஸ்துமஸ் வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், நகரவையும் மறுத்துவிட்டது. அந்த மாத நடுவில் ஹாஸ்லரின் அலுவலகத்தில் கடிகாரம் பொருத்திய வெடிகுண்டு ஒன்று கிடைத்தது. நல்லவேளையாக வெடிக்கவில்லை. ஜனவரி 10-ம் தேதி ஒரே நாளில் 600 பேருக்குக் காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் நகரவை இணங்கியது. 17-ம் தேதி சட்டம் திரும்ப வந்தது. இந்த முறை மக்கள் கீழ்ப்படியவில்லை. முதல் முறை 99 சதவீதம் என்று நம்பி அணிந்தவர்களுக்கு, நோய் ஏன் திரும்பி வந்தது என்று யாரும் விளக்கவில்லை. முகக்கவச எதிர்ப்புச் சங்கம் பிறந்தது அந்த வெற்றிடத்தில்தான். பிப்ரவரி 1-ம் தேதி சட்டம் விலக்கப்பட்டது.

அந்த இலையுதிர்காலமும் குளிர்காலமும் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 45,000 பேரை நோயில் தள்ளின. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை ஐந்து லட்சம். பின்னாளில் 43 அமெரிக்க நகரங்களை ஒப்பிட்ட ஆய்வின்படி, லட்சம் பேருக்கு 673 என்ற அளவில் அங்கே கூடுதல் மரணங்கள் நிகழ்ந்தன. நாட்டில் மிகக் கண்டிப்பான முகக்கவசச் சட்டத்தைக் கொண்டிருந்த நகரங்களில் ஒன்று, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நகரங்களிலும் ஒன்றாக இருந்தது.

இதை நேர்மையாக எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு: கலிஃபோர்னியா மாநிலச் சுகாதார வாரியத்தின் டபிள்யூ. எச். கெல்லாக். அவர் முகக்கவசத்தின் எதிரி அல்ல; அதைப் பரிந்துரைத்த வாரியத்தின் அதிகாரியே அவர். முகக்கவசம் கட்டாயமாக இருந்த ஸ்டாக்டன் நகரத்தின் மரணக் கணக்கையும் அப்படிக் கட்டாயம் இல்லாத போஸ்டனின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டு கோடுகளும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கின. பிறகு ஆய்வகத்துக்குப் போனார். பாக்டீரியா கலந்த நீரைத் தெளித்து, காஸ் துணியின் எத்தனை மடிப்பு எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். 1920-ல் வெளியான முடிவு இது: துகள்களைத் தடுக்கும் அளவுக்குத் துணியை அடர்த்தியாக்கினால் அதன் வழியே மூச்சு விடுவது கடினமாகிறது, காற்று துணியை விட்டுவிட்டு ஓரத்து இடைவெளிகள் வழியே போய்வருகிறது.

அதைவிடக் கூர்மையானது அவருடைய இன்னொரு கவனிப்பு. கட்டாயச் சட்டம் இருந்தபோது மக்கள் தெருவிலும் காரிலும் முகக்கவசம் அணிந்தார்கள். அங்கே அதற்குத் தேவை குறைவு; ஆனால் போலீஸ் பார்க்கும் இடம் அது. அலுவலக அறைக்குள்ளும் நண்பர்களின் சிறு கூட்டங்களிலும், போலீஸ் பார்வை எட்டாத இடங்களில், கழற்றி வைத்தார்கள். நோய் பரவியது அங்கேதான். இந்த ஒரு கவனிப்பு பிந்தைய நூறாண்டின் பல கட்டுரைகளுக்குச் சமம். துணியைப் பற்றிய கேள்வி வேறு, சட்டத்தைப் பற்றிய கேள்வி வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. ஒரு பொருள் மூச்சுக்காற்றிலுள்ள துகளைப் பிடிக்குமா என்பது இயற்பியல். அந்தப் பொருளை அணியச் சொல்லிப் போட்ட உத்தரவு ஓர் ஊரின் நோய்க்கணக்கைக் குறைக்குமா என்பது மனிதர்களின் நடத்தையைச் சார்ந்தது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் இரண்டாவதற்கு ‘தெரியவில்லை’ என்று வரலாம். முகக்கவசத் தகராறுகள் எல்லாவற்றிலும் ஒரு தரப்பு முதல் கேள்விக்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டும், மறு தரப்பு இரண்டாவதற்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டும் சண்டையிடுகின்றன.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். ‘வைரஸ் 0.1 மைக்ரான், துணியின் ஓட்டை அதைவிடப் பல மடங்கு பெரிது, பிறகு எப்படித் தடுக்கும்?’ என்ற வாதம் கோவிட் காலத்தில் எங்கும் ஒலித்தது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த வாதம் முகக்கவசத்தைச் சல்லடையாக நினைத்துக்கொள்கிறது. சல்லடையில் ஓட்டையைவிடச் சிறியது எல்லாம் கீழே விழும். முகக்கவசத்தின் வடிதுணி அப்படி வேலை செய்வதில்லை. அது குறுக்கும் நெடுக்குமாகப் பல அடுக்குகளாகச் சிக்கிக் கிடக்கும் இழைகளின் காடு. காற்று அதற்குள் வளைந்து வளைந்து போக வேண்டும். ஒரு மைக்ரானைவிடப் பெரிய துகளால் அப்படிச் சட்டென்று திரும்ப முடியாது; நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். 0.1 மைக்ரானைவிடச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் தள்ளாடவைக்கும். அந்தத் தள்ளாட்டத்திலேயே அது இழையில் பட்டுவிடும். பிடிப்பதற்கு மிகக் கடினமானது இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரான் அளவில் உள்ள துகள். என்95 கவசத்தைச் சோதிக்க அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். பிடிக்கக் கடினமானதில் 95 சதவீதம் பிடித்தால் மற்றதை இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

என்95-ன் சக்தி அடர்த்தியில் மட்டும் இல்லை. அதன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. துகளை அது இழுத்துப் பிடிக்கும். அதனால் மூச்சுக்குத் தடை குறைவு, ஓரத்தில் கசிவும் குறைவு. 1920-ல் கெல்லாக் கண்ட சிக்கலுக்கு விடை அதுதான். டென்னஸி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, தைவானில் பிறந்த பீட்டர் சாய், 1990-களில் இந்த மின்னூட்ட முறையை மேம்படுத்தினார். என்95-ஐச் சோப்பு நீரில் துவைத்தாலோ ஆல்கஹாலில் நனைத்தாலோ மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குக் கவசம் அப்படியே இருக்கும், வடிகட்டும் திறன் போயிருக்கும்.

வைரஸ் தனியாகவும் பறப்பதில்லை. எச்சிலும் சளியும் கலந்த திவலைக்குள் இருந்தபடி வெளியேறுகிறது. வாயை விட்டுப் புறப்படும் கணத்தில் திவலை ஈரமாகவும் பெரிதாகவும் இருக்கும். காற்றில் சில நொடிகளில் உலர்ந்து சுருங்கும். எனவே, நோயாளியின் வாயருகே பிடிப்பது எளிது, மற்றவரின் மூக்கருகே பிடிப்பது கடினம். சாதாரணத் துணிக்கவசம் அணிபவரைவிட எதிரில் இருப்பவருக்கு அதிகம் உதவுவது இதனால்தான்.

திவலையின் அளவு பற்றிய ஒரு பழைய பிழை 2020-ல் உலகத்துக்குப் பெரிய விலையாக முடிந்தது. ஐந்து மைக்ரானைவிடப் பெரிய திவலைகள் சட்டென்று தரையில் விழுந்துவிடும் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்லிவந்தன. உண்மையில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் திவலை விழச் சில நொடிகள் ஆகும். ஐந்து மைக்ரான் திவலை அரைமணி நேரத்துக்கு மேல் மிதக்கும். ஹார்வர்டில் வில்லியம் வெல்ஸ் 1930-களிலேயே எல்லைக்கோட்டை 100 மைக்ரான் அருகே வரைந்திருந்தார். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்தை எட்ட வேண்டுமானால் திவலை ஐந்து மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்ற வேறொரு உண்மை, எப்படியோ இதனோடு கலந்துவிட்டது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் லின்சி மாரும் அவருடைய சகாக்களும் பழைய நூல்களைத் தேடிப் படித்து இந்தக் கலப்படத்தை வெளிக்கொணர்ந்தார்கள்.

2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்று வழியாகப் பரவுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 10-ம் தேதி, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் 61 பேர் ஒரு பாடற்குழு ஒத்திகைக்குக் கூடியிருந்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். 53 பேருக்குக் கோவிட் வந்தது அல்லது வந்ததாகக் கருதப்பட்டது; இருவர் இறந்தார்கள். காற்றில் மிதக்கும் நுண்திவலையைக் கணக்கில் எடுக்காமல் இதை விளக்குவது மிகவும் கடினம். அந்த ஜூலையில் 239 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் தன் வாசகங்களைத் தெளிவாகத் திருத்தியது 2021-ல்.

அமெரிக்காவில் குழப்பம் இன்னும் ஆழமாகப் போனது. 2020 பிப்ரவரி 29 அன்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அது பயன் தராது என்றார். அதே மூச்சில், மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்றும் சொன்னார். ஏப்ரல் 3 அன்று அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் எல்லோரும் துணிக்கவசம் அணியுங்கள் என்றது. இடையில், அறிகுறியே இல்லாதவரும் நோயைப் பரப்புவார் என்பதற்குச் சான்றுகள் குவிந்திருந்தன; கருத்து மாறியதற்கு அது நல்ல காரணம். தட்டுப்பாட்டை மறைக்கப் ‘பயனில்லை’ என்று சொன்னதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. ‘கையிருப்பு குறைவு, முதலில் செவிலியருக்குக் கொடுப்போம்’ என்று சொல்லியிருந்தால் மக்களுக்குப் புரிந்திருக்கும். 1918-ல் மிகைப்படுத்திய பொய்யும் 2020-ல் குறைத்துச் சொன்ன பொய்யும் ஒரே காரியத்தைத்தான் செய்தன: அடுத்து வந்த உண்மையை நம்ப ஆளில்லாமல் செய்தன.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது அணியச் சொன்னால் ஊரில் நோய் குறையுமா என்பதற்கு, ஹாஸ்லரிடம் இல்லாத கருவி இப்போது இருக்கிறது: குலுக்கல் முறையில் மக்களை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு. டென்மார்க்கில் 2020-ல் சுமார் 6,000 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். முகக்கவசம் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு வித்தியாசம். சொன்னபடி முழுமையாக அணிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. எதிரில் இருப்பவருக்குக் கிடைத்த பயனை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. 2023-ல் நார்வேயில் 4,600-க்கும் மேற்பட்டோரை இரண்டு வாரம் கவனித்தபோது, பொது இடத்தில் அறுவைக்கவசம் அணிந்தவர்களில் 8.9 சதவீதத்தினரும், அணியாதவர்களில் 12.2 சதவீதத்தினரும் சளி இருமல் வந்ததாகச் சொன்னார்கள். தாமாகச் சொன்னதுதான், பரிசோதித்ததல்ல.

இவற்றில் மிகப் பெரியது வங்கதேசத்தில் நடந்தது. 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பெரியவர்கள். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை. பாதிக் கிராமங்களில் இலவசமாக முகக்கவசம் கொடுத்தார்கள்; ஏன் அணிய வேண்டும் என்று விளக்கினார்கள்; ஊர்ப் பெரியவர்களையும் மசூதி இமாம்களையும் முதலில் அணிந்து காட்டச் செய்தார்கள்; சந்தையிலும் தெருவிலும் ஆட்களை நிறுத்தி, மூடாதவரிடம் தன்மையாக நினைவூட்டச் சொன்னார்கள். சரியாக அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். குறுஞ்செய்தி அனுப்பியதும் ஊருக்குப் பரிசு அறிவித்ததும் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. ஆள் நேரில் நின்று சொன்னது சாதித்தது. அறிகுறியோடு இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான கோவிட், அறுவைக்கவசம் கொடுத்த கிராமங்களில் 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. துணிக்கவசம் கொடுத்த கிராமங்களில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. இந்த ஆய்வின் புள்ளியியலைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. இரு தரப்புக் கிராமங்களின் மொத்த நோயாளி எண்ணிக்கையில் இருந்த வித்தியாசம் சிறிது என்று அவர்கள் சுட்டியது கவனிக்கத் தக்கதே.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2023 ஜனவரியில் வெளியானதும், ‘முகக்கவசம் வேலை செய்யாது, நிரூபணமாகிவிட்டது’ என்று பலர் கொண்டாடினார்கள். அந்த அமைப்பின் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர் மார்ச் மாதம் அறிக்கை விட்டுத் திருத்த வேண்டி வந்தது: ஆய்வு கேட்டது, அணியும்படி ஊக்குவித்தால் தொற்று குறைகிறதா என்பதைத்தான், கிடைத்த விடை தெளிவற்றது என்பதுதான். கெல்லாக் பிரித்துக் காட்டிய அதே இரண்டு கேள்விகள், நூறாண்டு கழித்தும் அதே குழப்பம்.

அப்படியானால் என்ன சொல்லலாம்? மூக்கின் மேலும் கன்னத்தோடும் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95, அணிபவரைக் காக்கிறது. இதில் ஐயம் இல்லை. அறுவைக்கவசம் கொஞ்சம் காக்கிறது. நோயுள்ளவர் அணிந்தால் மற்றவருக்குக் கூடுதல் பயன். ஒற்றை அடுக்குத் துணி மிகக் கொஞ்சம். ஊர் முழுவதற்கும் போடும் கட்டாய உத்தரவு எவ்வளவு பயன் தரும் என்பது, எந்தக் கவசம், எந்த இடத்தில், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. அதற்கு ஒற்றை எண் கிடையாது. கடற்கரையில் தனியாக நடப்பவரைப் பிடித்து அபராதம் போட்டுவிட்டு, சன்னல் சாத்திய குளிர்சாதன அறையில் கூட்டம் நடத்த அனுமதிக்கும் விதி, 1918-ல் கெல்லாக் கண்ட தவறையே திரும்பச் செய்கிறது. உரிமை பற்றிய ஹாரிங்டனின் கேள்வியை அறிவியல் தீர்க்காது. அது மக்களாட்சி தீர்க்க வேண்டியது. ஆனால் அந்த விவாதத்துக்கு வருகிறவர்களிடம் உண்மையான எண்களை வைப்பது அறிவியலின் கடமை. சான் பிரான்சிஸ்கோ அதிகாரிகள், ‘இது ஓரளவு உதவும் என்று நம்புகிறோம், உறுதியாகத் தெரியாது, ஆனால் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன, ஆகவே சேர்ந்து முயல்வோம்’ என்று சொல்லியிருந்தால், ஜனவரியில் அவர்களுடைய பேச்சுக்கு மரியாதை மிஞ்சியிருக்கும்.

அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. இருமலோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அறுவைக்கவசமாவது அணிந்து போங்கள். அந்தக் காத்திருப்பு அறையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரும், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவரும் பக்கத்து நாற்காலியில் இருக்கக்கூடும். காசநோயாளி ஒருவரைக் கவனித்துக்கொள்பவர் வீட்டில் இருந்தால் அவருக்கு என்95 வாங்கிக் கொடுங்கள், அதைத் துவைக்காதீர்கள், அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.